நோயாளி குறிப்பில் படம் சேர்ப்பது: கேமராவைத் திறப்பதற்கு முன்பிருந்து பேக்கப் வரை

மூன்று மாதம் கழித்து ஒரு நோயாளியின் பழைய குறிப்பைத் திறக்கிறீர்கள். உள்ளே ஒரு படம். சிவந்த தோல், நடுவில் ஒரு புண். அது முழங்காலா, முழங்கையா? இடதா, வலதா? பட்டாணி அளவா, உள்ளங்கை அளவா? கட்டைப் பிரித்தவுடன் எடுத்ததா, கழுவித் துடைத்த பிறகா? படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கேள்விக்குக்கூட அதனிடம் பதில் இல்லை.

கிளினிக் மென்பொருளில் படத்தை ஏற்றுவது இரண்டு மூன்று பொத்தான் வேலை, ஒரே நாளில் கைவந்துவிடும். சிரமமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். யாருடையது, உடலில் எந்த இடம், எப்போது எடுத்தது, எவ்வளவு பெரியது என்ற நான்கையும் அந்த அறையில் இல்லாத ஒருவர் படத்தையும் பக்கத்தில் உள்ள எழுத்தையும் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் பொத்தானின் பெயரும் இடமும் மாறும். கீழே உள்ள வேலைகள் எல்லாவற்றுக்கும் பொது.

போனை முதலில் தயார் செய்யுங்கள்

கிளினிக்குக்கென்று தனியாக ஒரு போனோ டேப்லெட்டோ இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. சொந்தப் போனில் எடுத்தால் நோயாளியின் புண் உங்கள் வீட்டு விசேஷப் படங்களோடு கேலரியில் கலந்து கிடக்கும். யாரிடமாவது போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டும்போது விரல் ஒருமுறை தள்ளினால் போதும். சொந்தப் போனைத் தவிர்க்கவே முடியாது என்றால், மென்பொருளின் செயலிக்குள் இருக்கும் கேமராவால் மட்டும் எடுங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட செயலியில் அந்தப் படம் கேலரியைத் தொடாமல் நேரே சர்வருக்குப் போகும். உங்கள் செயலி அப்படித்தானா என்று சோதிப்பது எளிது: சோதனை நோயாளி ஒருவரின் பதிவில் உங்கள் பேனாவைப் படமெடுத்து ஏற்றுங்கள், பிறகு கேலரியைத் திறந்து பாருங்கள். பேனா அங்கே இருந்தால் செயலியை விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் பயனில்லை.

பிறகு அமைப்புகள். இவை ஒருமுறை செய்தால் போதும், ஆனால் போன் புதிதாக மாறும்போதெல்லாம் மறந்துபோகிற வேலையும் இதுதான்.

கூகுள் ஃபோட்டோஸ், ஐகிளவுட் போன்றவற்றின் தானியங்கிப் பேக்கப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் படத்தை மென்பொருளில் ஏற்றுவதற்கு முன்பே அதன் ஒரு பிரதி யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கேமராவுக்கான இருப்பிட அனுமதியையும் எடுத்துவிடுங்கள். போன் எடுக்கும் படக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற பகுதி ஒன்று உண்டு. எடுத்த நேரம், கேமராவின் பெயர், அனுமதி இருந்தால் இடத்தின் ஆயத்தொலைவு எல்லாம் அதில் எழுதப்படும். வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்க்கும் சேவையில் இது நோயாளியின் வீட்டு வாசலையே காட்டிக்கொடுக்கும்.

ஐபோன் என்றால் கோப்பு வகையை மாற்றுங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை ஹெச்இஐசி வகையில் சேமிக்கிறது. இடம் மிச்சமாகும், ஆனால் பல மென்பொருள்களும் பிரவுசர்களும் அதைத் திறக்காது. கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்தால் ஜேபெக் கோப்பாக வரும்.

அழகூட்டும் வசதி, ஃபில்டர், போர்ட்ரெய்ட் முறை எல்லாம் அணைந்திருக்க வேண்டும். தோலை வழவழப்பாக்குவதே அழகூட்டியின் வேலை. நீங்கள் காட்ட விரும்பும் பொரிப்பொரியான தடிப்பைத்தான் அது முதலில் அழிக்கும். கடைசியாகப் போனின் தேதியும் நேரமும் சரிதானா என்று பாருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான். மினுங்காத நீல அல்லது பச்சைத் துணி ஒன்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் காகித ஸ்கேல் ஒரு கட்டு, லென்ஸைத் துடைக்க மென்துணி. வெள்ளை விரிப்பின் மேல் எடுத்தால் கேமரா அந்த வெளுப்பை ஈடுகட்ட மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். தோல் கருத்துத் தெரியும், குறிப்பாகக் கருமையான தோல். சிவப்பு, மஞ்சள் துணிகளின் நிறம் தோலின் மேல் படியும். ஆகவே அவையும் வேண்டாம்.

சம்மதம் ஒன்றல்ல, மூன்று

படம் எடுக்கலாமா என்று கேட்டு நோயாளி தலையாட்டினால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பரவலான தவறு. சிகிச்சைப் பதிவில் வைக்க ஒரு சம்மதம். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்க அனுப்புவதற்கு இன்னொன்று. மாணவர்களுக்குக் காட்டவோ பிரசுரிக்கவோ மூன்றாவது. இந்த மூன்றாவதை எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். முதலாவதற்கு வாய்ச்சொல் போதுமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் கிளினிக்கின் விதியையும் பொறுத்தது. எப்படி வாங்கினாலும் குறிப்பில் ஒரு வரி இருக்க வேண்டும்: “படம் எடுக்கச் சம்மதித்தார், சிகிச்சைப் பதிவுக்கு மட்டும்.” மென்பொருளில் இதற்கென்று டிக் செய்யும் கட்டம் இருந்தாலும் இந்த வரியை எழுதுங்கள். எதற்குச் சம்மதித்தார் என்பதை டிக் சொல்லாது.

குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும், விவரம் புரியும் வயதுக் குழந்தையிடமும் கேட்க வேண்டும். அந்தரங்க உறுப்புகளை எடுக்கும்போது அறையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதும், அந்தப் படத்தைப் பார்க்கும் உரிமையை மென்பொருளில் குறுக்கி வைப்பதும் கட்டாயம். முதலில் எழுத்தில் சொல்லிவிட முடியுமா என்று யோசித்துவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும்.

முகம் தேவையில்லாத படத்தில் முகம் வேண்டாம். வெளியே காட்டும் படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் ஆளை அடையாளம் தெரியாது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தாடையும் மூக்கும் போதும். பச்சை குத்தியது, மச்சம், மோதிரம்கூட ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

படம் எடுக்கும்போது

முதலில் நோயாளியின் அடையாள லேபிளை, அல்லது அவர் எண் எழுதிய தாளை ஒரு படம் எடுங்கள். அடுத்த நோயாளிக்கு மறுபடி அவருடைய லேபிள். போனில் இருபது படம் வரிசையாக இருக்கும்போது எங்கே ஒருவர் முடிந்து அடுத்தவர் தொடங்குகிறார் என்பதை இந்த லேபிள் படங்கள்தான் சொல்லும். செயலிக்குள் நோயாளியின் பதிவைத் திறந்து அங்கிருந்தே எடுப்பவர்களுக்கு இது தேவையில்லை.

போனைப் பிடிப்பவர் புண்ணைத் தொடக் கூடாது, புண்ணைத் தொடுபவர் போனைப் பிடிக்கக் கூடாது. கையுறையோடு போனைத் தொட்டு, அதே போனைப் பிறகு வெறுங்கையால் எடுத்துக் காதில் வைக்கிறவர்கள் உண்டு. ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, படமெடுத்து, மறுபடி புதுக் கையுறை. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு போனைக் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். லென்ஸையும் தனியாகத் துடையுங்கள், ஏனென்றால் படம் மங்கலாக வருவதற்குக் கேமராவைவிட அதன் மேல் படிந்த விரல்ரேகை எண்ணெய்தான் அடிக்கடி காரணம்.

புண்ணைக் கழுவி, ஒற்றி எடுத்த பிறகு, மருந்து போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். போவிடோன் அயோடின் பூசிய புண் எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும். சில்வர் சல்ஃபடையசின் பூசினால் வெள்ளையாக. அடியில் இருப்பது ஆரோக்கியமான சிவப்புத் திசுவா, மஞ்சள் கசடா, கறுத்த இறந்த திசுவா என்று சொல்லவே முடியாது. இறந்த திசுவை வெட்டி எடுக்கிறீர்கள் என்றால் முன்பு ஒன்று, பின்பு ஒன்று.

ஒரு இடத்துக்கு மூன்று தூரத்திலிருந்து எடுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து முதல் படம். காலில் புண் என்றால் முழங்கால் முதல் பாதம் வரை தெரிய வேண்டும். எந்தக் கால், எந்தப் பக்கம் என்பதை இந்தப் படம் சொல்லும். இரண்டாவது 40, 50 செ.மீ. தூரத்தில், புண்ணும் அதைச் சுற்றிய தோலும். மூன்றாவது கிட்டத்தில், ஸ்கேலோடு. பழகாதவர்கள் மூன்றாவதை மட்டும் ஐந்து முறை எடுப்பார்கள். தொடக்கத்தில் சொன்ன, முழங்காலா முழங்கையா என்று தெரியாத படம் உருவாவது இப்படித்தான்.

ஸ்கேலைப் புண்ணின் ஓரத்தில், புண் இருக்கும் அதே மட்டத்தில் வைக்க வேண்டும், புண்ணின் மேல் படக் கூடாது. உயரத்தில் தூக்கிப் பிடித்தால் ஸ்கேல் கேமராவுக்கு அருகில் வந்து பெரிதாகத் தெரியும், புண் உள்ளதைவிடச் சிறியதாகக் கணக்காகும். போனும் தோலுக்கு நேர் எதிரே, தட்டையாக இருக்கட்டும். சாய்த்து எடுத்தால் வட்டப் புண் நீள்வட்டமாகும், அகலம் குறையும். அடுத்த வாரம் நேராக எடுத்தவர் “புண் பெரிதாகிவிட்டது” என்று எழுதுவார். தடிப்பு, கட்டி, வீக்கம் போன்று மேடாக இருப்பவற்றுக்கு மட்டும், நேர்ப் படத்தோடு சேர்த்துப் பக்கவாட்டில் சாய்த்தும் ஒன்று எடுக்கலாம். மேடு அதில்தான் தெரியும்.

ரொம்பக் கிட்டப் போகாதீர்கள். போன் லென்ஸ் பெரும்பாலும் 10 செ.மீ.-க்குள் ஃபோகஸ் ஆகாது. புதுப் போன்கள் அந்தத் தூரத்தில் உங்களைக் கேட்காமலே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும், ஓரங்கள் வளையும், அளவு கெடும். கொஞ்சம் பின்னால் நகர்ந்து, 2எக்ஸ் வைத்து எடுப்பது நல்லது. திரையில் புண்ணின் மேல் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். தொட்டபடியே அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் ஓரம் போல வேறொன்றில்லை. நேர் வெயில் வேண்டாம், நிழலான பகல் வெளிச்சம் போதும். ஃப்ளாஷ் ஈரமான புண்ணில் பட்டு வெள்ளைப் பொட்டுகளாகத் திரும்பும், அந்தப் பொட்டுக்கு அடியில் இருப்பதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெளிச்சமே இல்லை என்றால் உதவியாளர் ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கட்டும். உங்கள் சொந்த நிழல் புண்ணின் மேல் விழுகிறதா என்றும் பாருங்கள்.

கருமையான தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ, கரும்பழுப்பாகவோ, சுற்றியுள்ளதைவிடச் சற்றே கருத்தோ தெரியும். படத்தில் அதுவும் காணாமல் போகலாம். அதனால் எதிர்ப்பக்கத்தின் அதே இடத்தையும், புண் இல்லாத தோலையும் ஒப்பிட ஒரு படம் எடுத்து வையுங்கள். சூடு, இறுக்கம், வலி, நாற்றம் என்று கேமராவுக்கு எட்டாதவை எல்லாம் எழுத்தில்தான் வர வேண்டும்.

முன்பக்கக் கேமராவால் எடுக்காதீர்கள். பல போன்கள் அதில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றிச் சேமிக்கும். பல் கண்ணாடியில் பிரதிபலித்து எடுக்கும் படத்துக்கும் இதே பிரச்சினை உண்டு, அதை விவரத்தில் எழுதிவிட வேண்டும்.

எக்ஸ்ரே ஃபிலிமைப் படமெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கான டைகாம் என்ற வகையில் அசல் கோப்பு கிடைக்கும் என்றால் அதை வாங்குங்கள். கணினித் திரையைப் போனால் எடுத்தால் அலையலையாகக் கோடு விழும், சாம்பல் நிறத்தின் பல படிநிலைகள் தொலையும். ஃபிலிம்தான் கையில் இருக்கிறது என்றால் விளக்குப் பெட்டியில் மாட்டி, அறை விளக்கையும் ஃப்ளாஷையும் அணைத்து எடுங்கள். அது நினைவுக்குறிப்பாக மட்டும் பயன்படும். அதை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

நோயாளி எழுந்து போவதற்குள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் படம் தேறிவிட்டது. தெரியாவிட்டால் உடனே இன்னொன்று.

மென்பொருளில் ஏற்றுவது

கையில் எடுத்தது எந்த மென்பொருளானாலும், படத்தை வைக்கப் பெரும்பாலும் இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று, அந்த நாள் வருகையின் குறிப்புக்குள்ளே. மற்றொன்று, நோயாளியின் ஆவணங்கள் என்ற பொதுப் பகுதி. புண், தடிப்பு, தையல் போன்று அன்றைய பரிசோதனையில் கண்டவை வருகைக் குறிப்புக்குள் போக வேண்டும், அப்போதுதான் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். வெளியிலிருந்து வந்த ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் ஆவணப் பகுதிக்கு. நோயாளியின் முகப்படத்துக்குப் பெரும்பாலும் தனி வகை உண்டு. ஓப்பன்இஎம்ஆர் என்ற இலவச கிளினிக் மென்பொருளில் ஆவணப் பகுதியிலேயே நோயாளி புகைப்படம் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் போட்ட படம் அவருடைய முகப்புப் பக்கத்தில் வந்து நிற்கும். அவசரத்தில் புண் படத்தை அந்த வகையில் போட்டுவிட்டால், அவர் பதிவைத் திறக்கும் வரவேற்பு மேசைக்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

1. நோயாளியைப் பெயரால் தேடாதீர்கள், எண்ணால் தேடுங்கள். பதிவு திறந்ததும் பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஆளிடம் கேட்டு ஒப்பிடுங்கள். “நீங்கள் லட்சுமிதானே?” என்று கேட்டால் காது கேளாதவரும் ஆமாம் என்பார். “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்க வேண்டும்.

2. இன்றைய வருகை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல மென்பொருள்கள் கடைசியாகப் பார்த்த வருகையையே மறுபடி திறக்கும். போன மாதக் குறிப்பில் இன்றைய படம் போய் உட்கார்ந்துவிடும்.

3. இணைப்பு என்ற பொத்தானையோ, காகிதக் கிளிப் அல்லது கேமரா சின்னத்தையோ அழுத்தி, படத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று தூரத்துப் படங்களையும் அதே வரிசையில், தூரத்திலிருந்து கிட்டத்துக்கு. லேபிள் படத்தை ஏற்ற வேண்டியதில்லை.

4. தலைப்பு, வகை, தேதி ஆகியவற்றை நிரப்புங்கள். தேதிக் கட்டத்தில் மென்பொருள் தானாகப் போடுவது ஏற்றிய தேதி. நேற்று எடுத்ததை இன்று ஏற்றினால் கையால் மாற்ற வேண்டும்.

5. சிறுபடம் திரையில் தெரியும்வரை காத்திருங்கள், பிறகு குறிப்பைச் சேமியுங்கள். படம் ஏறிவிட்டது என்பதும் குறிப்பு சேமிக்கப்பட்டது என்பதும் வேறு வேறு. படம் ஏறி, குறிப்பைச் சேமிக்காமல் பக்கத்தை மூடினால் பல மென்பொருள்களில் இரண்டும் போய்விடும்.

6. குறிப்பை மூடி, மறுபடி திறந்து, படத்தைச் சொடுக்கி முழு அளவில் வருகிறதா என்று பாருங்கள்.

போனிலிருந்து கணினிக்குப் படத்தைக் கொண்டுபோக வாட்ஸ்அப் குழுவைப் பயன்படுத்துவது எங்கும் உள்ள பழக்கம். வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும், எக்ஸிஃபில் உள்ள எடுத்த நேரமும் போய்விடும். அதைவிட முக்கியம், அந்தப் படம் குழுவில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் தங்கிவிடும், வேலையை விட்டுப் போனவர் போனிலும். மென்பொருளுக்குச் செயலி இல்லை என்றால் போனின் பிரவுசரிலேயே லாகின் செய்து நேராக ஏற்றலாம். அதுவும் முடியாவிட்டால் கேபிள்.

கோப்பின் பெயரில் நோயாளியின் பெயரோ நோயின் பெயரோ வேண்டாம். நோயாளி எண், தேதி, வரிசை எண் போதும்: 10482_2025-03-14_01. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும்.

படத்தின் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்

“புண் படம்” என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். படத்துக்குள் இருப்பதை எந்தத் தேடல் பெட்டியும் தேடித் தராது, எழுத்தைத்தான் தேடும். இப்படி எழுதலாம்:

“வலது கால், வெளிக் கணுக்காலுக்கு 3 செ.மீ. மேலே. புண் 4.2 × 2.8 செ.மீ., ஆழம் 0.4 செ.மீ. அடிப்பகுதியில் முக்கால் பங்கு சிவப்புத் திசு, கால் பங்கு மஞ்சள் கசடு. சீழ் இல்லை. சுற்றிலும் 1 செ.மீ. சூடு, தொட்டால் வலி. கழுவிய பின், மருந்து போடும் முன் எடுத்தது. 3 படங்கள்.”

இடது, வலது என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ‘இ’, ‘வ’ என்று சுருக்கினால் அடுத்தவர் குழம்புவார். நீளம் என்றால் எந்தத் திசை என்பதையும் கிளினிக்கில் ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ளுங்கள். மிக நீளமான அளவு முதலில், அதற்குச் செங்குத்தான அகலம் அடுத்து என்பது எளிது.

படத்தின் மேல் அம்புக்குறியோ வட்டமோ போட வேண்டுமென்றால் பிரதி ஒன்றில் போடுங்கள். அசலை அப்படியே விட வேண்டும். வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தி அசலுக்கு மேல் சேமிப்பது மருத்துவப் பதிவைத் திருத்துவதற்குச் சமம்.

ஏற மறுத்தால்

‘கோப்பு வகை ஏற்கப்படவில்லை’ என்று வந்தால் முதல் சந்தேகம் ஹெச்இஐசி. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைக் கையால் ஜேபெக்குக்கு மாற்றினால் கோப்பு மாறாது, பெயர்தான் மாறும். படம் ஏறிவிட்டு, திறக்காமல் நிற்கும். போனின் அமைப்பை மாற்றி மறுபடி எடுங்கள், அல்லது பட மென்பொருளில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள்.

‘கோப்பு பெரிது’ என்று வந்தால், அல்லது எந்தச் செய்தியும் இல்லாமல் பக்கம் வெறுமையாகத் திரும்பி வந்தால், அளவுதான் பிரச்சினை. கிளினிக் தானே சர்வர் வைத்திருந்தால் காரணம் பெரும்பாலும் மென்பொருளில் இருக்காது, அடியில் இருக்கும். பல கிளினிக் மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியில் ஒரு கோப்புக்கான வரம்பு யாரும் மாற்றாவிட்டால் 2 எம்பி, மொத்த அனுப்புதலுக்கு 8 எம்பி. அதற்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஓடினால், மாற்றாதவரை அதன் வரம்பு 1 எம்பி, மீறினால் 413 என்ற எண்ணோடு பிழை காட்டும். போன் படம் ஒன்று சாதாரணமாக 2 முதல் 5 எம்பி வரும் என்பதால் புதிதாக நிறுவிய சர்வரில் முதல் நாளே இடிக்கும். இந்த வரம்புகள் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு ‘மாற்றியும் வேலை செய்யவில்லை’ என்று சொல்வதைத்தான் அடிக்கடி கேட்க முடிகிறது.

வரம்பை உயர்த்தினாலும் படத்தைச் சுருக்குவது நல்ல வழக்கம். 12 மெகாபிக்சல் படம் 4032 × 3024 பிக்சல். நாளுக்கு 20 படம், ஒவ்வொன்றும் 3 எம்பி என்றால் 300 வேலை நாளில் 18 ஜிபி. நீளப் பக்கத்தை 2000 பிக்சலுக்குக் குறைத்தால் படம் அரை எம்பி அளவுக்கு வரும், ஆண்டுக்கு 3 ஜிபி போதும். 20 செ.மீ. பரப்பை 2000 பிக்சலில் பிடித்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல் கிடைக்கிறது. புண்ணின் விளிம்பைப் பார்க்க அது தாராளம். மச்சத்தின் நிறமாற்றத்தைக் கண்காணிப்பது போன்ற நுண்ணிய வேலைக்கு மட்டும் முழு அளவை வையுங்கள். சுருக்குவதை ஒரே ஒருமுறை செய்யுங்கள், ஜேபெக் ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

பிரவுசருக்குள் கேமரா திறக்கவே இல்லையா? முகவரியைப் பாருங்கள். பிரவுசர்கள் நேரடிக் கேமரா அனுமதியை எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கிய இணைப்பு உள்ள தளங்களுக்கும், அதே கணினியில் ஓடும் தளத்துக்கும் (லோக்கல்ஹோஸ்ட்) மட்டுமே தருகின்றன. 192.168 என்று தொடங்கும் உள் முகவரியில், பூட்டுப்போடாத இணைப்பில் மென்பொருளை ஓட்டுகிற கிளினிக்குகளில் சர்வர் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால் கேமரா வேலை செய்யும், பக்கத்து அறை டேப்லெட்டில் செய்யாது. பாதுகாப்புச் சான்றிதழ் நிறுவுவதுதான் தீர்வு. அதுவரை கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் வழியாக ஏற்றலாம், அதற்கு இந்தத் தடை இல்லை.

படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தால், போன் படத்தைத் திருப்பவில்லை, ‘திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃபில் குறிப்பு மட்டும் எழுதியிருக்கிறது, உங்கள் மென்பொருள் அதைப் படிக்கவில்லை. ஏற்றும் முன் பட மென்பொருளில் சுழற்றிச் சேமியுங்கள். காலும் கையும் படுத்த படத்தில் இடவலம் குழப்பும் என்பதால் இதை அலட்சியமாக விட வேண்டாம்.

சுற்றும் வட்டம் நிற்காமல் சுற்றினால் பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். இணைப்பு மந்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் முறை அழுத்தினால் ஒரே படம் இரண்டாக ஏறும். படங்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். நீண்ட நேரம் எழுதிக்கொண்டிருந்து கடைசியில் படம் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு லாகின் நேரம் முடிந்து எல்லாம் போகும் அபாயம் உண்டு. எழுதியதை முதலில் சேமித்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள்.

குறிப்பில் கையெழுத்தாகிப் பூட்டிவிட்டது, படம் சேர்க்க மறந்துவிட்டது என்றால் பூட்டைத் திறக்கச் சொல்லி நிர்வாகியிடம் போக வேண்டாம். பின்சேர்க்கை என்ற வசதி அதற்காகத்தான் இருக்கிறது. அதில் படத்தை இணைத்து, எப்போது எடுத்தது, ஏன் இப்போது சேர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

வேறொருவர் பதிவில் ஏறிவிட்டால்

உள்ளதிலேயே ஆபத்தான தவறு இது. உடனே அழித்துவிட்டு அமைதியாக இருக்கத்தான் கை போகும். ஆனால் அந்த இடைவெளியில் யாராவது படத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்கலாம். மென்பொருளின் தணிக்கைப் பதிவில் நீங்கள் ஏற்றியதும் அழித்ததும் எப்படியும் இருக்கும், காரணம் மட்டும் இருக்காது.

படத்தைச் சரியான நோயாளிக்கு நகர்த்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சரியான பதிவில் புதிதாக ஏற்றி, தவறானதைப் ‘பிழையாகச் சேர்க்கப்பட்டது’ என்று குறியுங்கள். பல மென்பொருள்களில் அப்படிக் குறித்ததும் படம் சாதாரணப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். தவறான பதிவில் எழுதும் விளக்கத்தில் மற்றவரின் பெயரை எழுதக் கூடாது, ‘வேறு நோயாளியின் படம்’ என்றால் போதும். பிறகு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அந்தப் படம் ஏற்கெனவே அச்சாகியோ, பரிந்துரைக் கடிதத்தோடு வெளியே போயோ இருந்தால் அவரால்தான் தடுக்க முடியும்.

அடுத்த வருகையில்

தொடர்ச்சியான படங்களை ஒப்பிட முடியாவிட்டால் எடுத்ததில் பாதிப் பயன் போய்விடும். படம் எடுக்கும் முன் போன வாரப் படத்தைத் திரையில் திறந்து வையுங்கள். அதே நிலையில் காலை வையுங்கள், அதே தூரம், அதே கோணம், முடிந்தால் அதே ஜன்னல். மடக்கிய முழங்காலில் எடுத்த தையல் வடு நீட்டிய காலில் எடுத்ததைவிட நீளமாகத் தெரியும். பழைய படத்தை மங்கலாகத் திரையில் காட்டி அதன்மேல் பொருத்தி எடுக்க உதவும் வசதி சில செயலிகளில் உண்டு, இருந்தால் விடாதீர்கள்.

ஒவ்வொரு வருகையிலும் எடுக்க வேண்டுமென்றும் இல்லை. ஆறாத புண்ணுக்கு வாரம் ஒருமுறையும், நிலைமை மாறும்போதெல்லாமும் போதும். நாள்தோறும் எடுத்த முப்பது படங்களை யாரும் பார்ப்பதில்லை.

போனில் மிச்சமும் சர்வரில் பேக்கப்பும்

ஏற்றிய படம் மென்பொருளில் முழு அளவில் திறப்பதைப் பார்த்த பிறகு, அன்றைக்கே போனிலிருந்து அழியுங்கள். அழித்தது உடனே போகாது. ஐபோனில் ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதியில் 30 நாள் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அங்கே போய் இரண்டாம் முறை அழிக்க வேண்டும். வேலை முடியும் நேரத்தில் ஒருவர் இதைப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் வைத்தால் மறக்காது.

பேக்கப் விஷயத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பல கிளினிக் மென்பொருள்கள் எழுத்தை டேட்டாபேஸிலும், படங்களைச் சர்வரின் தனி ஃபோல்டர் ஒன்றிலும் வைக்கின்றன. ஓப்பன்இஎம்ஆரை அப்படியே நிறுவினால் படங்கள் ‘சைட்ஸ்’ ஃபோல்டருக்குள் உள்ள ஆவண ஃபோல்டருக்குப் போகும். இரவுதோறும் டேட்டாபேஸை மட்டும் பிரதி எடுக்கிறவர்களுக்கு எழுத்தெல்லாம் பத்திரமாக இருக்கும், படம் ஒன்றுகூட இருக்காது. டிஸ்க் போகும் நாள்வரை அது தெரியவும் தெரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுக்கவும், பிரதியைக் குறியாக்கிப் பூட்டவும், ஒன்றையாவது கட்டடத்துக்கு வெளியே வைக்கவும் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டு, பழைய நோயாளி ஒருவரின் குறிப்பைத் திறந்து படத்தைச் சொடுக்கிப் பாருங்கள். உடைந்த படச் சின்னம் வந்தால் அந்த ஃபோல்டர் பேக்கப்பில் இல்லை.